நாலு சக்கரமும் தரையில்

"ஏம்மா, தண்ணி மட்டம் பாக்க வந்த பொண்ணு நீதானா?"

குரல் ஜீப்புக்கு அடியிலிருந்து வந்தது. நித்யா குனிந்து பார்த்தாள். வெடித்த இரண்டு குதிகால்களும் கிரீஸ் படிந்த லுங்கி ஓரமும் மட்டும் தெரிந்தன.

"ஆமாங்க."

"கையில மெல்லிசா பேப்பரு எதுனா வச்சிகினு இருக்கியா?"

"பஸ் டிக்கெட் இருக்குங்க."

"அது போதும். பின்னாடி, சோத்துக்கைப் பக்கத்து சக்கரத்தாண்ட குந்து. டிக்கெட்ட சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவுல வுட்டுப் பாரு. உள்ள போவுதா?"

நித்யா துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். டிக்கெட் தடையே இல்லாமல் நுழைந்தது.

"போவுதுங்க."

"பாதியா, முழுசா?"

"முழுசா. அந்தப் பக்கமே வந்துடுச்சு."

"அப்ப தப்பு."

அடியிலிருந்து ஸ்பானர் சத்தம் வந்தது. நித்யா எழுந்து நின்று வண்டியை முழுதாகப் பார்த்தாள். கவிழ்த்துப் பாதி புதைத்த ஓர் ஆட்டுக்கல்லின் மேல் முன்சக்கரம் ஒன்று ஏறியிருந்தது. வண்டியே ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வோடு சாய்வாக உள்ளே மூன்று பேர் மடியில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏறி குந்து பாப்பா," என்றார் பேப்பர்காரர். "இன்னிக்கும் தப்புதான். நேத்தும் தப்பு. நாளைக்கும் தப்பாத்தான் இருக்கும்."

"நீங்கல்லாம் எறங்கி நிக்கலாமேங்க?"

"எறங்குனா கத்துவாரு. வண்டி வேலைக்குப் போறப்ப எப்படியிருக்குமோ அப்படியே இருந்தாத்தான் கணக்கு சரியா வருமாம். நாங்க மூணு பேரும் அந்தக் கணக்குல சேத்தி."

நெய்வேலியில் நித்யாவின் முதல் வேலைநாள் அப்படித்தான் தொடங்கியது. சுரங்கத்தில் நிலத்தடி நீர் மட்டத்தை அளக்கும் பிரிவில் அவள் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். மந்தாரக்குப்பத்தில் கிறிஸ்துதாஸ் என்பவருடைய வீட்டு வாசலில் போய் நின்றால் ஜீப் கூட்டிக்கொண்டு போகும் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஜீப் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்பதை யாரும் சொல்லவில்லை.

கிறிஸ்துதாஸுக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளம். தோள்கள் மட்டும் வேறு யாரிடமோ வாங்கி மாட்டியதுபோல் அகலமானவை. தலைமுடிக்குச் சாயம் பூசுவார், மீசைக்குப் பூசமாட்டார். ஏன் என்று கேட்டால், "தல என்னுது, மீச வயசோடது" என்பார். பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்றைச் சுரங்கத்தில் காண்ட்ராக்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் பம்புகளைப் பழுதுபார்க்கும் ஆட்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுரங்கப் பள்ளத்துக்குள் இறக்குவதும், மாலை வரை அங்கேயே காத்திருந்து ஏற்றி வருவதும் அவர் வேலை.

வேலை சுலபமாகத்தான் தோன்றும், வழியைப் பார்க்கும் வரை. பெரிய இயந்திரங்கள் போகிற சாலைகள் அகலமாகச் சமனாக இருக்கும். பம்புகளுக்குப் போகும் வழி அப்படியல்ல. அது பழைய மண்படிகளின் ஓரமாகப் போகும். மழை பெய்தால் மண் கரைந்து, அடியில் இருக்கும் மணற்பாறைத் துண்டுகள் தலை தூக்கும். நேற்று இருந்த வழி இன்று இருக்காது. மற்ற ஜீப்காரர்கள் வேகமாக வந்து ஒரே குதியில் தாண்டுவார்கள். உள்ளே இருப்பவர்கள் கூரையில் தலையை இடித்துக்கொள்வார்கள். கிறிஸ்துதாஸ் குதிக்கமாட்டார். பாறைக்கு முன்னால் வண்டியை நிறுத்துவார். செருப்பைக் கழற்றுவார். கழற்றிய செருப்பைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அய்யாசாமியிடம் கொடுப்பார். அந்தப் பேப்பர் படிக்கிற ஃபிட்டர்தான் அய்யாசாமி. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவர் அதை மறுத்ததில்லை. ஒரு நாளும் முணுமுணுக்காமல் வாங்கியதும் இல்லை.

வெறுங்கால் கிளட்சின் மேல் வந்ததும் வண்டிக்குள் பேச்சு நின்றுவிட வேண்டும். இருமல்கூட பிடிக்காது அவருக்கு. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். முதல் கியரில், அதிலும் தாழ்ந்த முதல் கியரில், சக்கரம் பாறையைத் தடவித் தடவி ஏறும். ஏறி முடித்ததும் பின்னால் திரும்பி, "யாருக்காச்சும் தூக்கம் கலைஞ்சிச்சா?" என்று கேட்பார். அது நிஜமான கேள்வி. பதில் "இல்லை" என்று வந்தால்தான் செருப்பைத் திருப்பி வாங்கிக்கொள்வார்.

"ரோட்டுல போற வண்டி ஓடணும்மா. பாறையில போற வண்டி நடக்கணும்" என்று அவர் நித்யாவிடம் சொன்னது முதல் வாரத்தில். "நீ நடக்கறப்ப ரெண்டு காலையும் ஒண்ணா தூக்குவியா? அப்படித் தூக்குனா அதுக்குப் பேரு வேற."

எதைப் பார்த்தாலும் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பது அவருடைய வழக்கம். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளைக் காரின் பின்பக்கத்தைக் கையால் அழுத்தி, அது எத்தனை முறை ஆடி நிற்கிறது என்று எண்ணுவார். டவுன் பஸ்ஸில் கடைசி இருக்கையைத் தேடி உட்காருவார். அங்கேதான் வண்டியின் குணம் தெரியுமாம். திருவிழாவில் மாதா சொரூபத்தைச் சப்பரத்தில் வைத்துத் தோளில் தூக்கி வரும்போது, எல்லாரும் மேலே பார்த்துக் கும்பிட, அவர் தூக்குகிறவர்களின் முழங்கால்களைப் பார்ப்பார். "ஒருத்தன் குழியில கால வச்சா பக்கத்துல இருக்கறவன் தானா தோள எறக்கறான் பாரு. மேல மாதா அசையல. இதுதான் சஸ்பென்ஷனு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, ஜெபமாலைக் கூட்டத்தின் முறைப்பை வாங்கிக்கொள்வார்.

மெதுவாகப் போவது அவருக்கு வாழ்நாள் முழுவதும் திட்டு வாங்கிக் கொடுத்த குணம். கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர் என்பது அவர் மனைவி லூசியம்மாளின் நிரந்தரப் புகார். "சாமியாரு ரெண்டு தபா வெளிய வந்து எட்டிப் பாத்தாரு. நான் முக்காட்டோட நிக்கறேன். இந்த மனுசன் குள்ளஞ்சாவடியிலேர்ந்து மாட்டுவண்டிக்குப் பின்னால ஊர்ந்துகினு வராரு. கேட்டா, மாடு மெரளும்னாரு."

அதனால்தான், செஞ்சிப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் சென்னை ஜீப்காரர்கள் கூடிப் போட்டி நடத்துகிறார்கள், அதில் வேகத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது என்று கேள்விப்பட்டபோது அவர் முதலில் நம்பவில்லை. அந்தப் பக்கம் கியர்பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது என்று பார்க்கப் போனவர், நாள் முழுக்கக் குவாரி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கருங்கல் பாறைகள். அவற்றின் நடுவே நட்ட கம்புகள். கம்பில் இடித்தால் மதிப்பெண் குறையும்; நின்றுவிட்டால் குறையும்; கவிழாமல், இடிக்காமல், நிற்காமல் எவன் ஊர்ந்து போகிறானோ அவனுக்குப் பரிசு. கியர்பெட்டியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவர், ஆட்டுக்கல்லைப் பின்கட்டிலிருந்து வாசலுக்கு உருட்டினார். கிரைண்டர் வந்தபின் அது சும்மாதானே கிடக்கிறது என்பது அவர் வாதம்.

"சும்மா கெடக்கறதெல்லாம் வாசலுக்கு வரணும்னா மொதல்ல நீங்க வரணும்" என்றாள் லூசியம்மாள்.

நித்யா அந்த ஜீப்பில் ஏறத் தொடங்கியது இந்த ஆட்டுக்கல் காலத்தில்தான். அடுத்த போட்டி பொங்கல் கழித்து. அதற்குள் சஸ்பென்ஷனை என்ன செய்வது என்பதுதான் அவருடைய பகலும் இரவும்.

ஜீப்பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே, வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். பட்டை அதிகமானால் கட்டு விறைக்கும், பாரம் தாங்கும். குறைந்தால் இளகும், சக்கரம் மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும். இதை நித்யா அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேள்வி கேட்பது அவளுக்கு எளிதில் வராது. ஆனால் பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்குவதையும், தொங்கிய உடனே அந்தச் சக்கரம் வீணாகச் சுழன்று வண்டி நின்றுபோவதையும் பார்த்தபின் அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நாலு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுக்குத்தான் இத்தனை வழிகள்.

முதல் வழி, உயரம். சென்னை இளைஞர்கள் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து வண்டியை உயர்த்தியிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிறிஸ்துதாஸ் உதட்டைப் பிதுக்கினார். "ஒசரமா நின்னா வயிறு இடிக்காது, சரி. ஆனா சாயறப்ப ரொம்ப தூரத்துலேர்ந்து சாயும். வுழவும் ரொம்ப தூரம்."

இரண்டாவது, குவைத்தில் இருக்கும் மைத்துனன் அனுப்பிய ஆங்கிலப் பத்திரிகையில் இருந்தது. பட்டையையே கழற்றி எறிந்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் மாட்டுகிற முழுத் தொகுதி. நித்யா பக்கம் பக்கமாக அதைத் தமிழில் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்பதுபோல் கேட்டார். இடையிடையே, "அந்த எடத்த இன்னொரு தபா படி" என்றார். எல்லாம் முடிந்ததும் பத்திரிகையை வாங்கி, படத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்தார். "நல்ல பொருளு. இது வர கப்பலு நம்ம வூட்டாண்ட நிக்காது."

மூன்றாவது, பட்டையைக் குறைப்பது. சுலபம், உடனே செய்யலாம், செலவில்லை. அங்கேதான் லூசியம்மாள் குறுக்கே நின்றாள்.

காண்ட்ராக்ட் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அதற்கு முன் வண்டிகளைச் சோதிப்பார்கள். ஆட்களை நிறைய ஏற்றி, பின்பக்கம் தாழ்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். தாழ்ந்தால் அந்த வண்டி வெளியே. அதன் இடத்துக்குப் புது வண்டியோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த வருடம் சோதனை, போட்டிக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை. வீட்டில் சம்பாதிப்பது அந்த ஜீப் ஒன்றுதான்.

"எந்தப் பட்டைய வேணும்னாலும் கழட்டுங்க," என்றாள் லூசியம்மாள், நித்யாவுக்குக் காபி டம்ளரை நீட்டியபடியே. "சோறு போடற பட்டை எதுன்னு எனக்குச் சொல்லிட்டு, அத வுட்டுட்டுக் கழட்டுங்க."

"எல்லாம் சேந்துதான் லூசி போடுது."

"அப்ப எல்லாம் சேந்தே இருக்கட்டும்."

அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஜீப்புக்கு அடியில் போய்விட்டார். அது ஒத்துக்கொண்டதாகாது என்பது லூசியம்மாளுக்கும் தெரியும்.

பண்ருட்டியில் பட்டை தட்டும் பட்டறை வைத்திருந்த குஞ்சிதபாதத்திடம் அவர் நடையாக நடந்தார். போவார், அடுக்கிக் கிடக்கும் பழைய பட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார், கல்லில் போட்டு ஓசை கேட்பார், வைத்துவிட்டு வந்துவிடுவார். "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வந்து வந்து பாத்துட்டு பஜ்ஜி தின்னுட்டுப் போறியே, என்னிக்குய்யா முடிவு சொல்லுவ?" என்று குஞ்சிதபாதம் கேட்டார். "பொண்ணுன்னா ஒரு தபா பாத்தா போதும்பா. இது பாறை மேல ஏறணும்" என்றார் இவர்.

கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி அவருடையதுதான். நடுவில் இருந்த தடித்த பட்டைகளில் சிலவற்றை எடுத்துவிட்டு, மெல்லிய நீளப் பட்டைகளைப் போட்டார். அடியில் வளைவே இல்லாத நேர்ப்பட்டை ஒன்றைச் சேர்த்தார். பாரம் குறைவாக இருக்கும்போது அந்த நேர்ப்பட்டை மற்றவற்றைத் தொடாது, சும்மா கிடக்கும். ஆட்கள் ஏறி வண்டி அமுங்கினால் மேலிருக்கும் பட்டைகள் வந்து அதன்மேல் உட்காரும், அது தாங்கிக்கொள்ளும். சோதனைக்கு விறைப்பு, பாறைக்கு இளக்கம். ஒரே கட்டில் இரண்டும். பட்டைகளை இறுக்கிப் பிடித்திருந்த பக்கக் கிளிப்புகளையும் தளர்த்தினார். சக்கரத்தின் துள்ளலை அடக்க, பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய நீளமான ஷாக்கப்சர் போட்டார். பழையது குட்டையாக இருந்து சக்கரத்தைக் கீழே இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டதாம். "பட்டை வுட்டாலும் இவன் வுடமாட்டேங்கறான்."

அதைப் பம்பு வழியில் ஓட்டிப் பார்த்த முதல் நாள், நித்யாவைக் கீழே இறங்கி நின்று சக்கரங்களைப் பார்க்கச் சொன்னார். மற்றவர்கள் வழக்கம்போல் உள்ளே. வண்டி ஒரு பாறையின் மேல் மூக்கைத் தூக்கியது. பின்சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கியது, இன்னும் இறங்கியது, கால் நீட்டிப் படுக்கும் மாட்டைப்போல நீண்டுகொண்டே போனது. அப்போது சக்கரத்துக்குப் போகும் ரப்பர் குழாய் ஒன்று கம்பிபோல் இறுகுவதை அவள் கண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி தயங்கிவிட்டு, கையைத் தூக்கினாள்.

"அந்தக் கருப்புக் குழாய் இழுபடுதுங்க."

வண்டி அப்படியே நின்றது. கிறிஸ்துதாஸ் வெறுங்காலோடு இறங்கி வந்து படுத்துப் பார்த்தார். பிரேக் ஆயில் போகும் குழாய். இன்னும் கொஞ்சம் சக்கரம் இறங்கியிருந்தால் அறுந்திருக்கும். உள்ளே ஆட்களோடு, இறக்கத்தில், பிரேக் இல்லாத வண்டி. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். நன்றி என்று சொல்லவில்லை. ஆனால் அதுவரை 'தண்ணிப் பாப்பா' என்று கூப்பிட்டவர், அன்று மாலையிலிருந்து 'நித்யா' என்றார். குழாயை நீளமாக மாற்றியதும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டுக் காட்டினார்.

அதற்கப்புறம் பஸ் டிக்கெட் எந்தச் சக்கரத்துக்கு அடியிலும் நுழையவில்லை. அய்யாசாமி அதிலே கொஞ்சம் ஏமாந்துபோனார். "தினமும் காலையில தப்புன்னு கேட்டுப் பழகிடுச்சு. இப்ப ஷிப்டுக்குப் போறாப்லயே இல்ல."

போட்டி நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலைப் பூசையை முடித்துவிட்டு எல்லாரும் ஜீப்பிலேயே கிளம்பினார்கள்: பம்பு ஆட்கள் மூவர், ஒரு அண்டா தக்காளிச் சாதத்தோடு லூசியம்மாள், விதிகளைப் படித்துச் சொல்ல நித்யா. அங்கே எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள் என்று அவர் பயந்தார். பயம் என்று ஒத்துக்கொள்ளாமல், "நித்யாவும் குவாரிய பாத்ததில்லல்ல" என்றார்.

குவாரியில் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் ஜீப்புகள் நின்றன. இவருடையதன்மேல் சாம்பல் நிற மண் உலர்ந்திருந்தது. அதைக் கழுவ வேண்டாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார்; தலைமுடிக்கு மட்டும் முந்தின நாள் புதிதாகச் சாயம் ஏறியிருந்தது. தொப்பி போட்ட நடுவர் ஒருவர் மரியாதையாக வந்து விதிகளைச் சொன்னார். நித்யா தணிந்த குரலில் தமிழாக்கினாள். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாய்ப்பு. வண்டியில் ஓட்டுநர் மட்டும்தான் இருக்கலாம். பின்னால் எந்தச் சாமானும் இருக்கக்கூடாது.

டூல் பெட்டியும் குழாய்த் துண்டுகளும் இறங்கின. ஆட்கள் இறங்கினார்கள். கிறிஸ்துதாஸ் செருப்பைக் கழற்றி அய்யாசாமியிடம் கொடுத்தார்.

முதல் பாறையிலேயே நித்யாவுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வண்டி நடக்கவில்லை, துள்ளியது. இரண்டாவது பாறையில் வண்டியின் உடல் ஒருபக்கம் வெட்டிச் சாய்ந்தது. மூன்றாவதில் முன்சக்கரம் ஏறியதும் பின்சக்கரம் பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றில் நின்றது. எஞ்சின் உறுமியது. அந்தரச் சக்கரம் சுழன்றது. வண்டி பக்கவாட்டில் வழுக்கி, கம்பில் இடித்து நின்றுவிட்டது. விளிம்பில் இருந்த சென்னைக்காரர்களில் யாரோ இரக்கத்தோடு கைதட்டினார்கள்.

பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டு, கிறிஸ்துதாஸ் வெகுநேரம் இறங்கவில்லை. அய்யாசாமிதான் பக்கத்தில் போனார்.

"என்னாய்யா, நாங்க எறங்குனதும் ஆடு மாதிரி குதிக்குது? எங்கள தேடுதா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். கிறிஸ்துதாஸ் சட்டென்று இறங்கிப் படுத்து, கட்டுக்கு அடியில் பார்த்தார். நித்யாவும் குனிந்தாள். நேர்ப்பட்டைக்கும் அதற்கு மேலே இருந்த பட்டைக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. மற்ற பட்டைகள் முழுதாக வளைந்து, நின்ற இடத்திலேயே எம்பியிருந்தன. பாரம் இருந்தால் அவை பாதி அமுங்கியிருக்கும். பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்க மிச்சம் இருக்கும். இப்போது மிச்சமே இல்லை. ஆட்டுக்கல் சோதனைகள், பம்பு வழிச் சோதனைகள் எல்லாமே ஆட்களோடு செய்தவை. வண்டி வேலைக்குப் போகும்போது எப்படியிருக்குமோ அப்படி.

அடியிலிருந்து அவர் குரல் வந்தது. "இந்த வண்டிய பாறையில நான் காலியா ஓட்டுனதே கெடையாது."

பக்கத்தில் நின்ற மஞ்சள் ஜீப் இளைஞன் ஒருவன் நல்ல மனசோடு தன் டூல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். பின்னால் இரண்டிரண்டு பட்டைகளை உருவிவிட்டால் காலி வண்டிக்கு அளவான இளக்கம் வந்துவிடும், நேரம் இருக்கிறது என்றான். சரிதான் அவன் சொன்னது. கிறிஸ்துதாஸுக்கும் அது தெரியும். ஆனால் பட்டைகளை உருவினால் பாறை கொடுக்கும் அடி முழுவதையும் மேலே இருக்கும் மெயின் பட்டை தனியாக வாங்க வேண்டும். இது மணற்பாறை அல்ல, கருங்கல். மெயின் பட்டை முறிந்தால் வேறு பட்டை பண்ருட்டியில் அடித்து வர நாட்கள் ஆகும். நாளைக் காலையில் வண்டி சோதனைக்குப் போய் நிற்க வேண்டும்.

அவர் ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்து, கட்டு போல்ட்டின் மேல் பொருத்தியும்விட்டார்.

லூசியம்மாள் அண்டாவை மூடிவிட்டு வந்தாள். அவள் கீழே உட்கார்ந்து, தலையை மட்டும் ஜீப்புக்கு அடியில் நீட்டினாள்.

"கழட்டணும்னா கழட்டுங்க."

"ஒடஞ்சிட்டா?"

"ஒடஞ்சா ஒடயட்டும். இதுக்காவ இத்தினி நாளு அலைஞ்சிங்க. நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாத்துக்கலாம்."

பட்டைக் கட்டை ஒருமுறை அவர் உள்ளங்கையால் தட்டிப் பார்க்கும் ஓசை கேட்டது.

"இல்ல லூசி. இது தப்பான கட்டு இல்ல. சரியான கட்டு. இங்க காலியா வந்ததுதான் தப்பு."

வெளியே வந்தார். ஸ்பானரைத் துடைத்து, மஞ்சள் ஜீப் இளைஞனிடம் இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லூசியம்மாள் முந்தானையால் அவர் முதுகில் ஒட்டியிருந்த கல்தூளைத் தட்டிவிட்டாள். இத்தனை பேர் முன்னால் அவள் அப்படிச் செய்வாள் என்று நித்யா நினைத்திருக்கவில்லை. அவருமே நினைத்திருக்கமாட்டார், ஒரு அடி விலகி நின்றார்.

பிறகு நித்யாவைப் பார்த்துத் திரும்பினார்.

"ஒரு ஒதவி பண்ணு நித்யா. அந்தத் தொப்பிக்காரருகிட்ட போயி இங்கிலீசுல சொல்லு. என் ரெண்டாவது தபாவுக்கு எங்க ஆளுங்கள ஏத்தினு ஏறப் போறேன். லூசியும் ஏறுவா. மார்க்கு வேணாம், கணக்குல எழுத வேணாம்னு சொல்லு."

நித்யா நடுவர் நின்ற பந்தலைப் பார்த்தாள். அங்கே கூட்டமாக இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில், வேகமான ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டடி நடந்ததும் பின்னாலிருந்து அவர் மறுபடியும் கூப்பிட்டார். சுடுகல்லின் மேல் வெறுங்காலோடு நின்றபடி, கிரீஸ் விரல்களால் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கெஞ்சாத. சும்மா சொல்லு. ஆனா நாங்க ஏறி முடிக்கிற வரைக்கும் அவங்க எல்லாரும் நின்னு பாக்கணும். அத வுட்டுடாம சொல்லிடு."